இடப்புரி மரை

பழைய பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்களைப் படங்களிலேனும் பார்த்தவர்கள், அவற்றின் கம்பிச் சக்கரங்களின் நடுவே இரண்டு காதுகளோடு மின்னும் ஓர் உலோகப் பொருளைக் கவனித்திருக்கக்கூடும். பெரும்பாலோர் அதை அலங்காரம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அது அலங்காரம் அன்று. நம் வழக்கமான கார்களில் நான்கோ ஐந்தோ நட்டுகள் செய்யும் வேலையை அந்த ஒற்றை நட்டு செய்கிறது. சக்கரம் கழன்று ஓடாமல் இருப்பதற்கு அது ஒன்றே பொறுப்பு. ஸ்பின்னர் என்று அதற்குப் பெயர். சுத்தியலால் காதில் தட்டியே கழற்றுவதும் மாட்டுவதும் வழக்கமாதலால் நாக்-ஆஃப் என்றும் சொல்வார்கள்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ரட்ஜ்-விட்வர்த் நிறுவனம் 1908 வாக்கில் இந்த முறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சைக்கிள்காரர்கள் கண்டுபிடித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன். பந்தயத்தின் நடுவே டயர் வெடித்தால் சக்கரத்தையே ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிடலாம் என்பது அந்நாளில் எவ்வளவு பெரிய அனுகூலமாகத் தோன்றியதென்றால், 1908ஆம் ஆண்டின் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் இத்தகைய சக்கரங்களோடு வரவிருந்த நேப்பியர் கார்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு எல்லாரும் அதையே மாட்டிக்கொண்டார்கள். 1945 முதல் 1949 வரை வந்த எம்.ஜி. டி.சி., 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் எனப் பெயர்பெற்ற வண்டிகள் பலவும் இந்தக் காதுகளோடுதான் ஓடின. பாதசாரிகளைக் கீறிவிடும் என்று அமெரிக்கா 1968 தொடக்கத்திலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் காதுகளைத் தடைசெய்தது. அதன்பின் காதில்லாத எண்கோண நட்டுகள் வந்தன. அந்தத் தடை 1996இல் விலக்கிக்கொள்ளப்பட்டபோது அந்தக் கார்கள் காட்சிப் பொருள்களாகிவிட்டிருந்தன.

கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும் சூழ்ந்த வீரசோழனில் பிறந்தவன் இதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி என்று பேருந்தில் வருகிற வழியில் இப்படியொரு காரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அந்த நட்டைக் கழற்றத் தெரிந்த ஒரு மனிதர் எங்கள் ஊரில் இருந்தார். என் அத்தாவின் மூத்த அண்ணன். எனக்குப் பெரியத்தா. சந்தைக்குப் போகும் பாதையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு கண்தான் உண்டு. மற்றதை எடுத்துக்கொண்டது இப்படியொரு நட்டு.

இராமநாதபுரம் சீமையிலிருந்து கொழும்புக்குப் பிழைக்கப் போவது அந்தத் தலைமுறைக்குப் புதிதன்று. போட் மெயிலில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். மதுரைக்குப் போவதைப் போலத்தான் அதைச் சொல்வார்கள். பெரியத்தா பதினேழு வயதில் போனார். கொம்பனித்தெருவில் ஒரு கார்ப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, பத்து ஆண்டுகளில் சக்கரம், பிரேக் வேலைகளில் தேர்ந்தவரானார். தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களும் கொழும்பின் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் எம்.ஜி. வண்டிகளை அந்தப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 முதல் நடந்துவந்தது. அந்தப் பந்தய நாள் நெருங்கினால் பட்டறையில் இரவு பகல் கிடையாது.

1961இல் அப்படியோர் இரவில்தான் அது நடந்தது. ஒரு வண்டியின் பின்சக்கர ஸ்பின்னர் இறுகிக்கொண்டது. செம்புச் சுத்தியல் கைக்கு அகப்படவில்லை. மேற்பார்வை பார்த்தவர் அவசரப்படுத்த, பக்கத்தில் நின்றவன் எஃகுச் சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தான். காதைப் பிடித்து நின்ற பெரியத்தாவின் இடது கண்ணில் ஒரு சில்லு பாய்ந்தது. நெல்லுமுனை அளவு கூட இராது என்பார். கடினப்படுத்தப்பட்ட எஃகின் மேல் கடினப்படுத்தப்பட்ட எஃகு மோதினால், இரண்டில் ஒன்று நசுங்க வேண்டும். இரண்டும் நசுங்க மறுத்தால் ஒன்று சிதறும். இது இயற்பியல். ஆனால் அந்தப் பட்டறை அதை அவருடைய கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டது. கூலி பாக்கியைக் கொடுத்து அனுப்பினார்கள். 1963இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. திரும்பிப் போக நினைத்திருந்தாலும் அவர் வந்த வழி இல்லை.

தகரப் பெட்டியில் அவர் கொண்டுவந்தவற்றுள் ஒரு சுத்தியல் இருந்தது. பர்மிங்ஹாமில் செய்யப்பட்ட தோர் சுத்தியல். அதன் தலையில் ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் இறுக்கிச் சுருட்டிய பதப்படுத்தாத தோல். வேலையை விட்டு அனுப்பியபோது அதே பட்டறையின் கிழட்டு ஃபிட்டர் ஒருவர் கொடுத்தாராம். சைக்கிள் கடையில் அந்தச் சுத்தியலுக்கு வேலையே இல்லை. ஆனாலும் சுவரில் அதற்கென்று ஓர் ஆணி இருந்தது. எங்களில் யாரும் அதைத் தொடக்கூடாது.

இனி அந்த நட்டு ஏன் இறுகுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் கருவிகளைப் பற்றிப் பேசுவது வீண்.

சாதாரணமாக எந்த நட்டையும் வலப்பக்கமாகச் சுற்றினால் இறுகும், இடப்பக்கமாகச் சுற்றினால் கழலும். சங்கில் வலம்புரி, இடம்புரி என்பதைப் போல மரையிலும் இரண்டு உண்டு. இந்தக் கார்களில் இடப்பக்கத்துச் சக்கரங்களுக்கு வழக்கமான வலப்புரி மரை. வலப்பக்கத்துச் சக்கரங்களுக்கு இடப்புரி மரை. காரணம் இதுதான். சக்கரத்தின் குடம் வெளிப்புறத்தில் கூம்பாக முடிகிறது. நட்டின் உட்புறம் அந்தக் கூம்பைக் கவிந்துகொள்ளும் மூடியைப்போல் குழிந்திருக்கிறது. மூடி, கூம்பைவிட இம்மியளவு பெரியது. இப்போது ஒரு வளையலை ஒரு கோலில் தொங்கவிட்டுக் கோலை உருட்டிப் பாருங்கள். கோல் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது வளையல் ஒரு சுற்றை முடித்திராது. அதன் சுற்றளவு கூடுதல் அல்லவா? கோலைவிட வளையல் பின்தங்குகிறது. அதேபோல் கார் முன்னோக்கி ஓடும்போது நட்டு சக்கரத்தைவிட மயிரிழை மயிரிழையாகப் பின்தங்க முயல்கிறது. பின்தங்கும் திசையே இறுகும் திசையாக இருக்கும்படி மரையை வெட்டிவிட்டால், ஓட ஓட நட்டு தானே இறுகும். கழன்று விழாது. அந்த ஏற்பாட்டுக்காகத்தான் ஒருபக்கம் வலப்புரி, மறுபக்கம் இடப்புரி.

ஆக, கழலாமலிருக்கச் செய்த ஏற்பாடே கழற்ற முடியாமல் போவதற்கும் காரணமாகிறது. ஆயிரக்கணக்கான மைல் ஓட்டத்தில் அது தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. கூம்பும் கூம்பும் கவ்விக்கொள்கின்றன. மசகு காய்கிறது. மழைநீர் பற்களுக்கிடையே இறங்கித் துருவாகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. இடுக்கில் அது வளர்வது ஆப்பு அடிப்பதற்குச் சமம்.

சைக்கிளின் இடது பெடலிலும் இடப்புரி மரைதான் என்பது சைக்கிள் கடைப் பையன்களுக்கு முதல் நாளே தெரியும் பாடம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் பெடலில் வலப்பக்கத்துக்கு வலப்புரி, இடப்பக்கத்துக்கு இடப்புரி. காரிலோ நேர் எதிர். இது ஏன் என்று பெரியத்தாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அம்மாவின் வளையல் ஒன்றையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய் யோசி என்றார். இரண்டு நாள் ஆயிற்று. காரில் மரை உள்ள நட்டு வெளி வளையம். பெடலிலோ மரை உள்ள தண்டு உள்ளே இருக்கிறது, கிராங்கின் துளைதான் வளையம். உள்ளும் வெளியும் இடம் மாறிவிட்டதால் திசையும் மாறிவிடுகிறது. நான் இதைப் போய்ச் சொன்னபோது அவர் தலையாட்டிவிட்டு, "சைக்கிளுக்குப் பின்னால, காருக்கு முன்னால" என்றார். பெடலைக் கழற்ற ஸ்பானரின் மேல்முனையைப் பின்சக்கரம் நோக்கி இழுக்க வேண்டும். கார் ஸ்பின்னரைக் கழற்ற அதன் மேல்காதை வண்டியின் முன்பக்கம் நோக்கித் தட்ட வேண்டும். இடம் வலம் என்ற குழப்பமே வேண்டாம். பிற்காலத்தில் பொறியியல் கல்லூரியில் இதே விஷயத்தை இரண்டு பக்கச் சமன்பாடுகளோடு படித்தேன். பெரியத்தாவின் நான்கு சொற்களுக்கு மேல் அதில் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்றே சொல்வேன்.

சைக்கிள் கடையில் இறுகிப்போகும் சாமான் காட்டர் பின். கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு வடிவ முளை அது. தெரியாதவர்கள் அதன் நட்டைக் கழற்றிவிட்டு மரையின் தலையில் சுத்தியலால் போடுவார்கள். மரை கூம்பிவிடும், பின் வளைந்துவிடும், அதற்குமேல் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். பெரியத்தா நட்டை முனை மட்டத்துக்குத் தளர்த்தி வைத்து, கிராங்குக்கு அடியில் ஒரு கனத்த இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்து, ஒரே அடி. முட்டு இல்லாவிட்டால் அடியின் வேகம் முழுவதும் சைக்கிளின் உடம்பில் அதிர்ந்து கரைந்துவிடும். "அடிக்கிறது பெருசில்ல, அடி எங்க போகுதுன்னு பாரு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அடிக்கும்முன் எங்களை எல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் போகச் சொல்வார். வாடிக்கையாளர் யாராயிருந்தாலும் அப்படித்தான்.

இனி 1986ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு வருகிறேன். எனக்குப் பதினான்கு வயது. காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை பெரியத்தாவைத் தேடி வந்தார். செட்டியார் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் ஒரு சின்னக் கார் விலையாகியிருக்கிறது. வாங்குபவர் சென்னையிலிருந்து லாரியோடு வரப்போகிறார். வலப்பக்கத்துப் பின்சக்கரம் சுற்றவும் மறுக்கிறது, கழலவும் மறுக்கிறது. கொழும்பில் இந்த வண்டிகளைப் பார்த்தவர் வீரசோழனில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன் என்றார். பெரியத்தா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து ஆணியிலிருந்து அந்தச் சுத்தியலை எடுத்தார். என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். மானாமதுரை, சிவகங்கை வழியாகப் பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் ஒரு கொட்டகை. அதில் ஒரு பக்கம் வில்வண்டி, மறுபக்கம் எம்.ஜி. டி.சி. வில்வண்டியின் ஒரு சக்கரம் உடைந்து, குடமும் வட்டையும் ஆரக்கால்களும் தனித்தனியாகக் கிடந்தன. காரின் மேல் கோழிகள் ஏறி இறங்கியிருந்தன. டயர்கள் தரையில் அப்பளமாகப் பரந்திருந்தன. பின்சக்கரம் சுற்றாததற்குக் காரணம் பிரேக் டிரம்முக்குள் லைனிங் துருவோடு ஒட்டிக்கொண்டதுதான். டிரம்மைத் தொட வேண்டுமென்றால் முதலில் சக்கரம் வர வேண்டும். சக்கரம் வர வேண்டுமென்றால் ஸ்பின்னர் வர வேண்டும்.

வீட்டு ஆச்சி கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தரகர் ஒருவரும் நின்றார். கேஸ் கட்டிங் போட்டு அறுத்து எறிந்துவிடலாம், அதற்கான தொகையை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்பது தரகரின் யோசனை. அவர் சொன்ன தொகை ஒரு நட்டுக்கான தொகை அன்று, காரின் விலையில் கால்வாசி. ஆச்சி அதற்குப் பதில் பேசவில்லை. பெரியத்தாவைப் பார்த்து, "வாங்க பாய். வெட்டாம வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு நாள் குடுங்க ஆச்சி" என்றார் பெரியத்தா.

அவர் முதலில் செய்தது, நட்டைத் தொடாமல் அதன் காதுகளைப் பார்த்தது. தன் ஒற்றைக் கண்ணை அதனருகே கொண்டுபோய், விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பொதுவாக ஸ்பின்னரில் கழற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். இதில் அடிபட்டு அடிபட்டு அது தேய்ந்துவிட்டிருந்தது. ஆனால் காயங்கள் அழியவில்லை. ஒரு காதை மேலே நிறுத்திப் பார்த்தால், அந்தக் காதின் எந்த முகம் காரின் முன்பக்கத்தைப் பார்த்திருந்ததோ அந்த முகத்தில்தான் அத்தனை காயமும். அதாவது அடித்தவர்கள் எல்லோரும் காதைப் பின்னோக்கித் தள்ளியிருக்கிறார்கள். எல்லா நட்டும் இடப்பக்கமாகச் சுற்றினால் கழலும் என்ற நம்பிக்கையில், வலப்பக்கத்துச் சக்கரத்தின் இடப்புரி மரையை ஆண்டுக்கணக்கில் இறுக்கியிருக்கிறார்கள். பெரியத்தா என்னைக் கூப்பிட்டு அந்தத் தழும்புகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு பழைய கடிதத்தை வாசிப்பதைப் போல இருந்தது என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியது, இவ்வளவு அடித்தும் இது உடையவில்லையே என்பதுதான்.

மற்ற மூன்றையும் முதல் நாள் மாலைக்குள் கழற்றிவிட்டார். தோர் சுத்தியலின் செம்பு முகத்தால் ஒரு காதில் ஓர் அடி, எதிர்க்காதில் ஓர் அடி என மாறி மாறி. செம்பு எஃகைவிட மென்மையானது. அடி விழும்போது செம்புதான் நசுங்கும், காது காயப்படாது, சில்லும் பறக்காது. நான்காவது மட்டும் அசையவில்லை. பத்து அடிக்குமேல் அவர் அடிக்கவில்லை. ஒரு காதில் அடித்தால் நட்டு சற்றே சாய்கிறது, சாய்ந்தால் மரை இன்னும் கவ்வுகிறது. இது அடிக்கு மசியாது, இதற்கு இரண்டு காதையும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் திருக வேண்டும் என்றார்.

அன்றிரவு மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து, கம்பிகளுக்கிடையே பின்புறத்திலிருந்து பற்களின் வழியே சொட்டுச் சொட்டாக விட்டார். முன்பக்கம் நட்டு மூடியிருப்பதால் அங்கே ஊற்றுவது பயனற்றது. மணிக்கொருமுறை எழுந்து நானும் ஊற்றினேன். நட்டின்மேல் நனைத்த சாக்கைச் சுற்றி வைத்தோம்.

மறுநாள் காலை உடைந்த வில்வண்டிச் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். நம் பக்கத்து வண்டிச் சக்கரங்கள் நாட்டுக் கருவேல மரத்தில் செய்தவை. கருவேலம் சீமைக்கருவேலம் அன்று. அது பின்னால் வந்த அந்நியம். நாட்டுக் கருவேலம் பிளவுபடாத, அதிர்ச்சி தாங்கும் மரம். அதனால்தான் குடத்துக்கும் ஆரக்காலுக்கும் அதைத் தேர்ந்தார்கள். பெரியத்தா ஆச்சியிடம் அந்த வட்டைத் துண்டு ஒன்றைக் கேட்டார். "எடுத்துக்கங்க பாய், அதுல இனி யாரு போகப்போறா" என்றார் ஆச்சி. ஊர் ஆசாரி ஒருவரிடம் உளியும் கொட்டாப்புளியும் இரவல் வாங்கி, அந்த மரத்தில் ஸ்பின்னரின் உருவத்தை எதிர்ப்பதிவாகக் குடைந்தார். சாக்பீஸ் பொடியை நட்டின்மேல் தடவி, மரத்தை அதன்மேல் அழுத்தி, வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் செதுக்கி, மறுபடி அழுத்தி, மறுபடி செதுக்கி. நண்பகல் ஆகிவிட்டது. இரண்டு காதுகளும் மரத்துக்குள் கையுறைக்குள் விரல் போல உட்கார்ந்தன. மரத்தின் முதுகில் இரண்டு யு-போல்ட் போட்டு ஆறடி இரும்புக் குழாயைப் பிணைத்தார்.

இங்கே வில்வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சக்கரத்தைத் தாங்கி நிற்பது விரல் தடிமனுள்ள ஒரு கடையாணி. அச்சின் முனைத் துளையில் மேலிருந்து கீழாகச் செருகியிருக்கும். தன் எடையாலேயே நிற்கும். இறுகிப்போவது என்ற பேச்சே அதற்கு இல்லை. வள்ளுவர் வினைத்திட்பத்தில் தேரின் அச்சாணியை உவமையாக்கியது அதன் சிறுமைக்கும் அருமைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டத்தான். கழற்றுவதன் சிரமம் பற்றி அவர் காலத்தில் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு கொட்டகையில் இரண்டு வண்டிகள் அருகருகே நின்றபோது, வேகம் கூடக்கூட ஆணியின் கதை எவ்வளவு சிக்கலாகிவிட்டது என்று பார்க்க முடிந்தது.

பெரியத்தாவின் அடுத்த வேண்டுகோள் கொதிநீர். ஊதுகுழல் தீயை அவர் விரும்பவில்லை. குரோம் பூச்சு உரியும், உள்ளே பழைய மசகு பற்றிக்கொள்ளலாம். எஃகு நூறு டிகிரி சூடேறினால் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் விரியும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஐந்தடிப் பட்டாவை வறட்டி நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால் அதன் விட்டம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். மரச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். மூன்று அங்குல நட்டைக் கொதிநீரால் சூடாக்கினால் கிடைப்பது ஒரு தலைமயிரின் தடிமன்தான். ஆனால் கூம்பின் பிடியைத் தளர்த்த அது போதும் என்பது அவர் கணக்கு. ஆச்சி சமையற்கட்டில் சொல்லி, கல்யாணத்துக்கு வைத்திருந்த அண்டாவை அடுப்பில் ஏற்றச் செய்தார். ஜாக்கி வைத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரத்துக்குப் பின்பக்கத்தைத் தூக்கினோம். வண்டியின் பாரம் கூம்பின்மேல் இருக்கக்கூடாது அல்லவா? சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டைகள் கொடுத்தோம்.

நட்டின்மேல் மட்டும் விழும்படி செம்பில் மொண்டு மொண்டு கொதிநீர் ஊற்றினார்கள். மர ஸ்பானரைச் செருகினார். எல்லாரையும் தன் முதுகுக்குப் பின்னால் போகச் சொன்னார், ஆச்சியையும் சேர்த்து. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்து பின்னால் வந்து நின்றுகொண்டார். குழாயின் முனையில் பெரியத்தாவும் கணக்குப்பிள்ளையும் வண்டியின் முன்பக்கம் நோக்கி நிதானமாகப் பாரத்தைக் கொடுத்தார்கள். உதறவில்லை, குதிக்கவில்லை. ஆறடி நெம்புகோலில் இரண்டு ஆளின் பாரம் என்பது எந்தச் சுத்தியல் அடிக்கும் குறைந்ததன்று, ஆனால் சத்தமில்லாதது. குழாய் வளைந்தது. நான் வளைந்தது குழாயா மரமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியத்தா, "தம்பி, சுத்தியலத் தா" என்றார். ஒரு கையால் பாரத்தை விடாமல், மறுகையில் சுத்தியலின் தோல் பக்கத்தால் மரத்தின் முதுகில் மெல்ல ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. மூன்றாவதில் காய்ந்த விறகு ஒடிவதுபோல் ஓர் ஓசை.

குழாயின் முனை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

பிறகு கையாலேயே சுற்றினார். மரையிலிருந்து செங்கல் பொடியைப்போலத் துரு உதிர்ந்தது. ஒரு துளி மசகு இல்லை. ஆச்சி கிட்ட வந்து, நட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். கனமாயிருக்கிறதே என்றார். தன் கணவர் இறந்த மாதம் இந்தக் கார் கொட்டகைக்குள் போனது என்றும், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முறை இதை எடுக்கப் பார்த்துத் தோற்றார்கள் என்றும், பங்கு பிரிக்கையில் இந்தக் கார் மட்டும் தன் பங்காக வந்தது என்றும் சொன்னார். தரகர் விலையைக் குறைப்பது பற்றி மறுபடி பேசவில்லை. ஆச்சி கூலிக்குமேல் ஒரு வேட்டியும் கொடுத்தார். பெரியத்தா வேட்டியை வாங்கிக்கொண்டு, அந்த மர ஸ்பானரையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நட்டைத் திரும்ப மாட்டுமுன் மரையிலும் கூம்பிலும் பற்களிலும் கிரீஸ் தடவினார். சென்னையில் கழற்றப்போகிறவன் யாரோ, அவனுக்கு இது.

இன்றைக்கு இந்த வேலைக்கான கருவிகள் வெளிநாட்டில் அழகாக விலைக்குக் கிடைக்கின்றன. ஈயத் தலைச் சுத்தியல், பித்தளைச் சுத்தியல், உள்ளே குண்டுகள் நிரப்பித் திரும்பத் துள்ளாமல் செய்த நைலான் தலைச் சுத்தியல், காதில்லாத நட்டுக்கான எண்கோண ஸ்பானர். ஈயம் மிக மென்மையானது, நட்டுக்குச் சற்றும் காயமில்லை, ஆனால் சீக்கிரம் உருக்குலையும், அதன் தூசி உடலுக்கு நஞ்சு. ரப்பர் சுத்தியல் இதற்கு உதவாது. அடியை அது தானே விழுங்கிவிடுகிறது. என் மதிப்பில் எல்லாவற்றிலும் சிறந்தது, மரத்தில் குடைந்து நீண்ட கைப்பிடி வைத்த ஸ்பானர்தான். படத்தில் முதன்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுக்குப் பலகையில் ஸ்பின்னர் வடிவைக் குடைந்து, இரும்புச் சட்டம் பொருத்தி விற்கிறார்கள். வட்டைத் துண்டுக்குப் பதில் அடுக்குப் பலகை, அவ்வளவே வேறுபாடு.

மாட்டும்போது சக்கரம் தரையைவிட்டு உயர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் கூம்பு நடுவில் உட்காரும். சிறிது தூரம் ஓட்டியபின் இறக்கிப் பார்த்து மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கழற்றி மசகிட வேண்டும். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். துருப்பிடித்தபின் தேடும் கருவியைவிட முன்னமே தடவும் ஒரு விரல் கிரீஸ் மலிவு என்பதை அவர்கள் ஏற்கிறார்கள், செய்வதில்லை.

பெரியத்தா 2004இல் காலமானார். சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. மர ஸ்பானர் கரையான் அரித்துப் பாதிதான் மிஞ்சியது. காதுகள் உட்காரும் குழி மட்டும் எண்ணெய் ஊறியதால் அரிபடாமல் இருக்கிறது. சுத்தியல் என்னிடம் இருக்கிறது. செம்பு அடிக்க அடிக்க இறுகிக் கடினமாகும் உலோகம். மென்மைக்காக வைத்த முகம் சில நூறு அடிகளுக்குப் பின் மென்மையை இழந்துவிடும். அப்படி இறுகிய செம்பைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். எஃகைப் போட்டால் கடினமாகும், செம்பைப் போட்டால் இளகும். பெரியத்தா ஆண்டுக்கொருமுறை, பயன்படுத்தாத அந்தச் சுத்தியலின் செம்பு முகத்தையும் கழற்றிக்கொண்டு கொல்லுப் பட்டறைக்குப் போவார். துருத்தியை அவரே மிதிப்பார். சென்ற தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது நானும் எடுத்துப் போனேன். கொல்லர் பேரன், இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். கரித்தணல் சிவந்துகொண்டிருந்தது. கதையைச் சொல்லத் தொடங்குமுன், என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னேன்.